கதவுக் குமிழிலிருந்து விசைக்கு ஒரு கம்பி: காட்கோ எதிர் பிரைனி வழக்கு

1967 ஜூன் 11. அமெரிக்காவின் அயோவா மாநிலம். ஆளில்லாத பழைய பண்ணை வீடு ஒன்றின் வடக்கு அறையில் ஒரு விவசாயி துப்பாக்கியைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். அது 20 கேஜ் ஷாட்கன். நன்றாகத் துடைத்து, எண்ணெய் போட்டு, மனைவியோடு எடுத்து வந்திருக்கிறார். கட்டில் இரும்புக் கட்டில். குழல் அறைக் கதவைப் பார்க்கிறது. கதவுக் குமிழிலிருந்து துப்பாக்கியின் விசைக்கு ஒரு கம்பி இழுத்தாயிற்று. யார் கதவைத் திறந்தாலும் வெடிக்கும். முதலில், வருகிறவரின் வயிற்றில் படுகிற உயரத்தில்தான் குழல் இருந்தது. மனைவி சொன்னதால் காலில் படும்படி இறக்கிவிட்டார். அந்த அறையின் ஜன்னலில் தகரம் அடித்திருந்தது. அதனால் உள்ளே துப்பாக்கி இருப்பது வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் தெரியாது. இருக்கிறது என்று எச்சரிக்கும் பலகையும் கிடையாது.

சட்டக் கல்லூரிகளில் 'காட்கோ எதிர் பிரைனி' என்ற பெயரில் இன்றுவரை பாடமாக நடத்தப்படும் வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. "என் இடத்துக்குள் அத்துமீறி வந்தவனை நான் என்ன செய்தால் என்ன?" என்ற கேள்வி டீக்கடையில் வந்தால், பெரும்பாலும் "வெட்டினாலும் தப்பில்லை" என்றுதான் பதில் வரும். அப்படிச் சொல்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. மூன்று முறை மோட்டார் திருடு போன தோட்டக்காரரிடம் சட்டம் பேசிப் பாருங்கள், தெரியும். இந்தப் பண்ணைக்காரர் பிரைனியும் அப்படி நொந்துபோனவர்தான். அதனால் முதலில் அவர் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வீடும் அதைச் சுற்றிய 80 ஏக்கரும் பிரைனியின் மனைவிக்கு 1957இல் குடும்பச் சொத்தாக வந்தவை. தம்பதி அங்கே குடியிருக்கவில்லை. அடுத்த பத்து வருடங்களில் அந்த வீட்டை ஊரார் ஒரு வழி பண்ணிவிட்டார்கள். ஜன்னல்களை உடைத்தார்கள், வீட்டுச் சாமான்களைத் தூக்கிப் போனார்கள், மிச்சமிருந்ததைக் கலைத்துப் போட்டார்கள். இவர்கள் கதவு ஜன்னல்களுக்குப் பலகை அடித்தார்கள். 'உள்ளே வராதீர்கள்' என்று அறிவிப்பு வைத்தார்கள். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியாக 1967 ஜூன் 8 அன்று யாரோ மறுபடியும் புகுந்தார்கள். மூன்றாம் நாள் துப்பாக்கி ஏறியது. ஏன் வைத்தீர்கள் என்று பின்னால் நீதிமன்றத்தில் கேட்டபோது, இந்தத் தொல்லை தாங்காமல் ஆத்திரத்திலும் அலுப்பிலும் வைத்தேன் என்றார். ஆனால் யாரையும் காயப்படுத்தும் எண்ணம் இல்லை என்றும் சொன்னார். இந்த இரண்டாவது வாக்கியத்துக்குக் கடைசியில் திரும்ப வருவோம்.

இனி அடுத்த பக்கம். காட்கோ அந்த வீட்டிலிருந்து ஏழு மைல் தள்ளி எடிவில் என்ற ஊரில் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தவர். கல்யாணமானவர். வேட்டைக்குப் போகிற வழியில் அந்த வீட்டைப் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறார். கைவிடப்பட்ட வீடு என்றே நினைத்தார். அவருக்கும் ஒரு நண்பருக்கும் பழைய பாட்டில்கள், ஊறுகாய் ஜாடி மாதிரியான கண்ணாடி ஜாடிகள் சேர்க்கிற பழக்கம் இருந்தது. ஏற்கனவே ஒருமுறை அந்த வீட்டுக்குள் போய்ச் சில பாட்டில்களை எடுத்து வந்திருக்கிறார்கள். ஜூலை 16 இரவு ஒன்பதரை மணிக்கு இரண்டாவது முறை போனார்கள். திண்ணைப் பக்கம் கண்ணாடி இல்லாத ஜன்னலில் அடித்திருந்த பலகையைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினார்கள். நண்பர் சமையலறையில் துழாவ, காட்கோ வடக்கு அறைக் கதவைத் திறக்கப் போனார்.

குண்டு வலது காலில், கணுக்கால் எலும்புக்கு மேலே பட்டது. கீழ்க்கால் எலும்பில் ஒரு பகுதியே பிய்ந்து போனது. நண்பர் தாங்கிப் பிடித்ததால் வெளியே வந்தார். கொஞ்ச தூரம் தவழ்ந்து வண்டியை அடைந்தார். ஆஸ்பத்திரியில் 40 நாள். காலையே எடுத்துவிடலாமா என்று டாக்டர் தீவிரமாக யோசித்திருக்கிறார். பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் மாவுக்கட்டு, அடுத்த ஒரு வருடம் காலுக்கு இரும்புப் பட்டை. கால் நிரந்தரமாகக் குட்டையாகிவிட்டது. மனைவி சொல்லிக் குழலை இறக்கிய அந்தச் சில அங்குலங்கள்தான் அவர் உயிரைக் காப்பாற்றின என்று தாராளமாகச் சொல்லலாம்.

திருட்டுக்கும் தண்டனை கிடைத்தது. இதைப் பலர் விட்டுவிட்டுத்தான் கதை சொல்கிறார்கள். இரவில் ஒரு கட்டடத்திலிருந்து 20 டாலருக்குக் குறைவான பொருளைத் திருடியதாகக் காட்கோ குற்றத்தை ஒப்புக்கொண்டார். 50 டாலர் அபராதமும் செலவும் கட்டினார். 60 நாள் சிறைத் தண்டனை, நன்னடத்தையின் பேரில் நிறுத்திவைக்கப்பட்டது. சின்னச் சின்னப் போக்குவரத்து வழக்குகளைத் தவிர அதற்கு முன் அவர் மேல் எதுவும் இல்லை.

அதன் பிறகுதான் பிரைனி தம்பதி மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டார். ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்த நடுவர் குழு, காட்கோ பக்கம் நின்றது. காயத்துக்கும் இழப்புக்கும் 20,000 டாலர், அதற்கு மேல் தண்டனையாக 10,000 டாலர். இருபது டாலர்கூடப் பெறாத பாட்டில்களை எடுக்க வந்தவருக்கு முப்பதாயிரம் டாலர்! பணம் கட்டப் பண்ணை நிலத்தை விற்க வேண்டி வந்தது. நாடு முழுக்கக் கொதித்தது, அனுதாபம் எல்லாம் பிரைனி பக்கம். செய்தியாக மட்டும் படித்திருந்தால் நானும் அவர் பக்கம்தான் நின்றிருப்பேன்.

ஜூரிக்குச் சொன்ன சட்டம்

விசாரணை நீதிபதி ஜூரிக்குக் கொடுத்த அறிவுறுத்தல்களில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. சொத்தைக் காப்பாற்ற நியாயமான அளவு பலத்தை எவரும் பயன்படுத்தலாம் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் உயிரை எடுக்கிற அல்லது கடும் காயம் விளைவிக்கிற பலத்தைச் சொத்துக்காக மட்டும் பயன்படுத்தக் கூடாது. கதவு திறந்தால் வெடிக்கிற துப்பாக்கி மாதிரியான பொறிகளை, அத்துமீறுகிறவர்களைக் காயப்படுத்த வைக்கக் கூடாது. வந்தவர் சட்டத்தை மீறித்தான் வந்தார் என்பதால் இந்த விதி மாறாது. விலக்கு ஒன்றே ஒன்று: வந்தவர் வன்முறையோடு கூடிய பெருங்குற்றமோ மரண தண்டனைக்குரிய குற்றமோ செய்துகொண்டிருக்க வேண்டும், அல்லது அவர் செயலால் மனித உயிருக்கு ஆபத்து இருக்க வேண்டும். ஆளில்லாத வீட்டில் பாட்டில் பொறுக்குவது இதில் எதிலும் சேராது.

பிரைனி தரப்பு அயோவா உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வீட்டிலோ கிடங்கிலோ திருடன் புகாமல் தடுக்க இப்படித் துப்பாக்கி வைக்கச் சட்டம் இடம் தருகிறது என்பதுதான் அவர்களுடைய முக்கிய வாதம். 1971 பிப்ரவரி 9 அன்று தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி மூர் எழுதினார். மேல்முறையீடு தள்ளுபடி.

அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது, புராஸர் என்ற பெரிய சட்ட அறிஞரிடமிருந்து நீதிமன்றம் எடுத்துக்கொண்ட ஒரு தர்க்கம். நீங்கள் அந்த அறையில் நேரில் இருந்தால் எதைச் செய்ய உங்களுக்கு உரிமை இல்லையோ, அதை ஒரு இயந்திரத்தை விட்டும் செய்ய முடியாது. யோசித்துப் பாருங்கள். பிரைனி அன்றிரவு அந்த இருட்டறையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார். கதவு திறக்கிறது. கையில் ஜாடியோடு ஒரு ஆள் நிற்கிறார். "யாரடா அது?" என்று ஒரு அதட்டல் போட்டிருந்தாலே கதை முடிந்திருக்கும். ஓடியிருப்பார், இல்லை கையைத் தூக்கியிருப்பார். அப்போதும் சுட்டிருந்தால் பிரைனியை யாரும் ஆதரித்திருக்க மாட்டார்கள். கட்டிலில் கட்டிய துப்பாக்கிக்கு அதட்டத் தெரியாது.

நீதிபதி லார்சன் மட்டும் மாறுபட்டார். அவரை லேசில் ஒதுக்க முடியாது. பயமுறுத்தி விரட்டத்தான் வைத்தாரா, காயப்படுத்தவே வைத்தாரா என்ற எண்ணத்தை ஜூரி தனியாக முடிவு செய்திருக்க வேண்டும், அதற்கேற்ப அறிவுறுத்தல் தரப்படவில்லை என்றார். இன்னொன்று, குற்றம் செய்யப் போன இடத்தில் அடிபட்டவருக்கு அந்தத் தண்டனைத் தொகை 10,000 டாலரையும் தூக்கிக் கொடுப்பது சரியில்லை என்றார். இரண்டாவதில் எனக்கும் அவரோடு பாதி உடன்பாடு உண்டு. ஆஸ்பத்திரிச் செலவும் போன காலும் ஒரு கணக்கு. அதற்கு மேல் கொடுப்பது அரசாங்கத்துக்குப் போக வேண்டிய அபராதம் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆட்சேபத்தைப் பிரைனி தரப்பு கீழ்க்கோர்ட்டில் எழுப்பவே இல்லை. அதனால் பெரும்பான்மை அதற்குள் போகவில்லை. வக்கீல் ஒரு வரி எழுப்பாமல் விட்டதற்குப் பத்தாயிரம் டாலர்.

துலிப் தோட்டமும் பெண் மயிலும்

இந்தப் பொறித் துப்பாக்கி அமெரிக்கக் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தின் பண்ணையார்கள் காட்டில் வேட்டைத் திருடர்களுக்கு எதிராக இதை வைப்பது அந்தக் காலத்தில் சகஜம். 1820இல் இலாட் எதிர் வில்க்ஸ் என்று ஒரு வழக்கு. காட்டில் துப்பாக்கி வைத்திருக்கிறது என்று தெரிந்தே கொட்டை பொறுக்கப் போனவர் அடிபட்டார். தெரிந்துதானே போனாய் என்று அவருக்கு நஷ்டஈடு மறுத்தார்கள்.

அதற்கு ஐந்து வருடம் கழித்து, 1825 மார்ச்சில் பிரிஸ்டல் அருகே இன்னொரு சம்பவம். ஒருவர் மதில் சூழ்ந்த தோட்டத்தில் விலையுயர்ந்த துலிப் மலர்கள் வளர்த்தார். குடியிருந்தது அங்கிருந்து ஒரு மைல் தள்ளி. பூக்கள் திருடு போயின. பொறித் துப்பாக்கி வைத்தார். அறிவிப்புப் பலகை வைக்கலாமே என்று சொன்னதற்கும் மறுத்துவிட்டார், தெரிந்தால் திருடன் மாட்டமாட்டான் என்று. ஒரு மாலை நேரம், இன்னும் வெளிச்சம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் மயில் ஒன்று தப்பி அந்தத் தோட்டத்துக்குள் பறந்துவிட்டது. அதைப் பிடித்துக் கொடுக்க 19 வயதுப் பையன் ஒருவன் மதிலேறினான், யாராவது இருக்கிறீர்களா என்று குரல் கொடுத்துப் பார்த்தான், பதில் இல்லாததால் குதித்தான். குண்டுகள் முழங்காலில்.

பறவை பிடிக்க வந்த பையனும் சட்டப்படி அத்துமீறியவன்தான். திருடனுக்கு வைத்த குண்டு அவனுக்குப் போய்ச் சேர்ந்தது. 1828இல் பேர்ட் எதிர் ஹோல்புரூக் என்று தீர்ப்பாகி, பையன் ஜெயித்தான். அதில் உட்கார்ந்த தலைமை நீதிபதி பெஸ்ட், 1820 வழக்கிலும் உட்கார்ந்தவர். அங்கே எச்சரிக்கை இருந்தது, இங்கே வேண்டுமென்றே மறைத்தார்கள் என்பதை அவர் பிடித்துக்கொண்டார். இதற்கிடையே 1827இலேயே இங்கிலாந்து நாடாளுமன்றம் இந்தத் துப்பாக்கிகளைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. குடியிருக்கும் வீட்டுக்குள் இரவில் வைப்பதற்கு மட்டும் ஒரு விலக்கு விட்டார்கள்.

எங்கள் தெருவில் ஒரு மதில் சுவரின் தலையில் நெடுக உடைந்த பாட்டில் சில்லுகளைச் சிமெண்டில் பதித்திருக்கிறார்கள், பச்சையும் பழுப்புமாக. வெயில் படும்போது பளபளக்கும். கைவைக்கப் போகிறவன் பார்க்கிறான், யோசிக்கிறான், திரும்பிப் போகிறான். மதிலின் வேலை அதுதான். அதையே இலைக்குள் மறைத்து வைத்தால் வேலை மாறிவிடுகிறது. வராமல் தடுப்பது போய், வந்தவனுக்குத் தண்டனை கொடுப்பதாகிவிடுகிறது. தண்டனை கொடுக்க வீட்டுக்காரருக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

பீகாரில் ஒரு செம்புக் கம்பி

நம் ஊர்ச் சட்டத்துக்கு வருவோம். இந்திய உச்ச நீதிமன்றம் இதே கேள்வியைக் காட்கோ வழக்குக்கு எட்டு வருடம் முன்பே, 1963இல் சந்தித்திருக்கிறது. செருபின் கிரிகோரி எதிர் பீகார் மாநிலம். அந்தத் தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார். காப்புரிமைச் சட்டத்தைத் திருத்த அறிக்கை கொடுத்தாரே, அவரேதான்.

சம்பவம் 1959 ஜூலையில். ஒரு வீட்டுக் கழிப்பறையின் சுவர் சரிந்து ஒரு வாரமாகிறது. திறந்துகிடக்கும் கழிப்பறைக்குப் பெண்கள் எப்படிப் போவது? பக்கத்து வீட்டுக் கழிப்பறைக்குப் போக ஆரம்பித்தார்கள். அந்த வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. வராதீர்கள் என்று வாயால் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. கழிப்பறைக்குப் போகிற வழியின் குறுக்கே உறையில்லாத செம்புக் கம்பி ஒன்றைக் கட்டி, வீட்டு மின்சாரத்தை அதில் கொடுத்துவிட்டார். கம்பியில் கரண்ட் இருக்கிறது என்று எந்த எச்சரிக்கையும் இல்லை. அப்படி வந்த பெண்களில் ஒருவர் போகும்போது கம்பியில் படாமல் போய்விட்டார். திரும்பி வரும்போது கை பட்டது. அவ்வளவுதான்.

அவர் எதையும் திருடவில்லை. அவசரத்துக்கு ஒதுங்கினார். மயில் பிடிக்க வந்த பையன், பாட்டில் எடுக்க வந்த பெட்ரோல் பங்க் ஊழியர், இந்தப் பெண் மூன்று பேரையும் பொறி ஒரே மாதிரித்தான் வரவேற்றது.

கொல்லும் எண்ணம் இல்லை என்பதால் விசாரணை நீதிமன்றம் பெரிய குற்றச்சாட்டிலிருந்து அந்த வீட்டுக்காரரை விடுவித்து, அசட்டைத் துணிச்சலால் மரணம் விளைவித்ததாக இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் தண்டித்தது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சொன்னது: என் சொத்தை நான் காத்துக்கொண்டேன், அவர் அத்துமீறி வந்தவர். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அத்துமீறி வருபவர் தன் பொறுப்பில்தான் வருகிறார்; அவருடைய பாதுகாப்புக்கென்று நிலத்துக்காரர் பிரத்தியேகமாக அக்கறை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கிணற்றில் கால் தவறி விழுந்தால் அது வேறு கதை. ஆனால் காயப்படுத்த வேண்டும் என்றே, அல்லது யாராவது படுவார்கள் என்று தெரிந்தும் சட்டை செய்யாமல், பொறி வைக்க அவருக்கு உரிமை கிடையாது. பழைய இங்கிலாந்தில் சட்டத்துக்குப் புறம்பாக்கப்பட்டவனை 'ஓநாய்த் தலை' என்பார்கள். ஓநாயைப் போல எவரும் கொல்லலாம், கேள்வி கிடையாது. அத்துமீறியவர் அப்படிப்பட்ட ஓநாய்த் தலை இல்லை என்று தீர்ப்பு சொல்கிறது. மின் கம்பிக்கும் அந்தப் பொறித் துப்பாக்கிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டுமே தன் கையால் சுடாமலே மனிதனைச் சுடுகிற ஏற்பாடு என்றும் சொல்கிறது.

அப்படியானால் திருடனைத் தொடவே கூடாதா?

தொடலாம். நம் சட்டம் இந்த விஷயத்தில் பலர் நினைப்பதைவிடத் தாராளம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை உட்கார்ந்திருக்கின்றன. திருட்டு, கொள்ளை, சொத்துக்குச் சேதம், குற்ற நோக்கோடு அத்துமீறல் எல்லாவற்றுக்கும் எதிராகச் சொத்தைக் காக்கும் உரிமை எவருக்கும் உண்டு. மரணம் விளைவிக்கும் அளவுக்குப் போகலாம் என்று 41ஆம் பிரிவு நான்கு இடங்களில் சொல்கிறது: கொள்ளை; சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை நடக்கும் கன்னக்களவு; ஆள் குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் இடத்துக்குத் தீயோ வெடிப்பொருளோ வைப்பது; திருட்டோ சேதமோ வீடு புகுதலோ உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான பயம் தரும் விதத்தில் நடப்பது. மற்ற திருட்டுகளிலும் அத்துமீறல்களிலும் மரணம் தவிர்த்த காயம் வரை போகலாம்.

கவனித்தீர்களா? இரவு ஒன்பதரைக்குப் பலகையைக் கழற்றி உள்ளே புகுந்த காட்கோ, நம் சட்டப்படி பார்த்தால் இரவுக் கன்னக்களவு செய்தவர் என்று வாதாட இடமிருக்கிறது. ஆள் குடியிருக்காவிட்டாலும் பொருள் வைத்திருக்கும் கட்டடம் போதும். ஆகவே பிரைனி இந்தியாவில் இருந்திருந்தால் தப்பியிருப்பாரா?

இந்தக் கேள்வியை ஒரு வக்கீல் நண்பரிடம் போட்டேன். "அண்ணே, செக்‌ஷனை மட்டும் படிச்சா தப்பிச்சிருவார். மேல இருக்கிற கண்டிஷனையும் படிங்க" என்றார். அந்தக் கண்டிஷன்கள் இவை. போலீஸிடம் போக நேரமிருந்தால் தற்காப்பு உரிமை கிடையாது. தேவைக்கு மேல் காயம் கூடாது. ஆபத்து வருகிறது என்ற நியாயமான பயம் தொடங்கும்போதுதான் அந்த உரிமையும் தொடங்குகிறது. நள்ளிரவில் சத்தம் கேட்டு எழுந்து, யார் எத்தனை பேர் என்று தெரியாமல் கையில் கிடைத்த கடப்பாரையால் அடிப்பவரை நம் நீதிமன்றங்கள் கனிவோடுதான் பார்க்கின்றன. அந்தப் பதற்றத்தில் எத்தனை அடி அடித்தார் என்று தங்கத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அந்தச் சலுகை பதற்றத்துக்கு. பிரைனிக்கு ஏது பதற்றம்? துப்பாக்கியைத் துடைத்தார், எண்ணெய் போட்டார், உயரம் சரிபார்த்தார், வீட்டுக்குப் போனார். குண்டு வெடித்தது ஐந்து வாரம் கழித்து. பயம் தொடங்கிய நேரம் என்று எதைச் சொல்வது?

இதில் ஒரு கிளைக் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், நிலத் தகராறுகளில் இதுதான் அதிகம் வருகிறது. சுவரேறிக் குதித்தவன் வேறு, உங்கள் நிலத்தில் குடிசை போட்டுப் பல காலமாக இருப்பவர் வேறு. நிலைத்த அனுபவத்தில் இருப்பவரை, அவர் ஆக்கிரமிப்பாளராகவே இருந்தாலும், உண்மையான சொந்தக்காரர்கூட ஆள் கூட்டிப் போய் அடித்து வெளியேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் முன்ஷி ராம் வழக்கில் 1960களிலேயே சொல்லிவிட்டது. பட்டா கையில் இருக்கிறது என்று ஜேசிபியோடு கிளம்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். போக வேண்டிய இடம் சிவில் கோர்ட். லேட் ஆகும்தான், வேறு வழியில்லை.

தமிழ்நாட்டில் இந்த வழக்கின் நிழல் விழுகிற இடம் மின்வேலி. காட்டுப்பன்றிக்காக வயலைச் சுற்றிக் கம்பி கட்டி, வீட்டு லைனிலிருந்தோ பம்புசெட்டிலிருந்தோ நேராக 230 வோல்ட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச்சில் மூன்று பெண் யானைகள் அப்படிச் செத்தன, இரண்டு குட்டிகள் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்த காட்சியை எல்லாரும் பார்த்தோம். மனிதர்களும் சாகிறார்கள். விடிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து வயல்காரர், ஆடு மேய்க்கப் போன பையன், சில சமயம் கம்பியைக் கட்டியவரே. முறையான சோலார் வேலியிலும் வோல்டேஜ் அதிகம்தான். ஆனால் அது நொடிக்கு ஒரு தடவை போல, கண் இமைப்பதற்குள் முடிகிற ஒரு சின்னத் துடிப்பாக வரும். சுளீரென்று அடிக்கும், கை தானாக விலகிவிடும். வீட்டு லைன் விடாமல் ஓடுகிறது, தசை இறுகிப் போய்க் கம்பியைப் பிடித்த கை விடாது. 2023இல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தனி விதிகளே கொண்டுவந்தது. லைன் கம்பியால் ஆள் செத்தால் பழைய 304ஏ இப்போது சன்ஹிதாவின் 106(1). இரண்டு வருடமாக இருந்த உச்சத் தண்டனை ஐந்து வருடமாகிவிட்டது. பன்றிக்குத்தான் வைத்தேன் என்ற பதில் ஓரளவுக்குத்தான் எடுபடும். பீகார்க்காரரும் கொல்ல நினைத்தேன் என்று சொல்லவில்லை.

எண்ணம் என்றதும் பிரைனியின் அந்த இரண்டாவது வாக்கியம் நினைவுக்கு வருகிறது. யாரையும் காயப்படுத்தும் எண்ணம் இல்லை என்றார். குழலைக் காலுக்கு இறக்கியதை அவர் தரப்பு இரக்கம் என்று சொல்லலாம், அது ஓரளவு உண்மையும்தான். ஆனால் ஒருவர் காலில் குண்டு படும் என்று தெரிந்தே வைத்தார் என்பதற்கும் அதுவே சாட்சி. பயமுறுத்தி விரட்டுவதுதான் நோக்கம் என்றால் குழலைக் கூரையைப் பார்க்கத் திருப்பியிருக்கலாம். அல்லது ரவை இல்லாத வெற்றுத் தோட்டா போட்டிருக்கலாம். சத்தம் அதே சத்தம், வீட்டுக்குள் புகுந்தவன் அன்றே ஊரைவிட்டு ஓடியிருப்பான். ஏற்கனவே உள்ளே நுழைந்துவிட்ட ஒரு ஆள் மேல் படும்படி குறி வைத்து, அதில் நிஜத் தோட்டா எதற்குப் போட்டீர்கள் என்பதற்கு அவர் எந்த விளக்கமும் தரவில்லை என்று தீர்ப்பில் ஒரே வரியில் எழுதிவிட்டு, தலைமை நீதிபதி அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.